அலுவலகத்துக்கெண்டு தனி மெனுவும் ரூல்பாரும்: ஓட்டோகாட்டில எப்பிடிச் செய்யிறது?

கோப்பாய்_கோடு

வணக்கம். வீட்டுப் பிளான் கீறுற சின்ன அலுவலகம். நாலு மெஷின்: மூண்டில ஓட்டோகாட் 2024, ஒண்டில எல்.ரி. 2023 (ஓட்டோகாட்டின்ர வசதி குறைஞ்ச பதிப்பு). சுவர், கதவு, யன்னல், தமிழ் எழுத்து, காணிப் பரப்புக் கணக்கு எண்டு கொஞ்சப் பட்டன்கள் எல்லா மெஷினிலையும் ஒரே மாதிரி வரவேணும். மெனு, ரூல்பார் விவரம் இருக்கிற அகாட்.சியுஐஎக்ஸ் ஃபைலைக் கொப்பி பண்ணி, ஒஃபிஸ்.சியுஐஎக்ஸ் எண்டு பேரை மாத்தி, வேண்டாததை அழிச்சுப்போட்டு லோட் பண்ணச் சொல்லி ஒரு வீடியோவில கிடந்தது. அப்பிடிச் செய்தால் லோட் ஆகுதில்லை. புதுசா ஒண்டு செய்தால் லோட் ஆகுது, ஆனால் திரையில ஒண்டும் தெரியேல்லை. இதோட 2004 காலத்து எம்என்யு மெனு ஃபைல் ஒண்டும் இருக்குது. அதைப் பாவிக்கலாமோ?

மூலைமட்டம்

கொமாண்ட் எல்லாத்தையும் தமிழெழுத்தில எழுதுறன், நீங்கள் கீபோர்டில இங்கிலீசில அடியுங்கோ.

முதலாவது பிரச்சினை கஸ்டமைசேஷன் குறூப் பேர். ஒவ்வொரு சியுஐஎக்ஸுக்கு உள்ளையும் ஒரு குறூப் பேர் இருக்கும். ஃபைலின்ர பேரை நீங்கள் மாத்தினாலும் உள்ளே "அகாட்" எண்டுதான் கிடக்குது. ஒரே குறூப் பேரோட ரெண்டு ஃபைலை ஓட்டோகாட் ஏத்தாது. அந்த வழியை விட்டிடுங்கோ. மெயின் ஃபைலைக் கொப்பி பண்ணுறதே பிழையான தொடக்கம், நூற்றுக்கணக்கான வேண்டாத சாமான் பின்னால இழுபட்டு வரும்.

செய்யவேண்டியது இது. சியுஐ எண்டு அடிச்சு எடிட்டரைத் திறந்து, மேலே ட்ரான்ஸ்ஃபர் ரப்புக்குப் போங்கோ. இடப்பக்கம் உங்கட மெயின் ஃபைல் நிக்கும். வலப்பக்கத்து ட்ரொப்டவுனில நியூ கொடுத்து, சேவ் அஸ் பண்ணி, சி ட்ரைவில ஸ்பேஸ் இல்லாத பேருள்ள ஒரு ஃபோல்டரில வையுங்கோ. "ஒஃபிஸ்ஸ்ரான்டர்ட்" மாதிரி ஒட்டி எழுதின பேர் நல்லம். ஸ்பேஸ் ஏன் கூடாதெண்டு மக்ரோ (பட்டனை அமத்தினால் ஓடுற கொமாண்ட் கோவை) எழுதும்போது விளங்கும். பிறகு சியுஐலோட் கொமாண்டால அந்த ஃபைலை ஏத்துங்கோ. இப்ப கஸ்டமைஸ் ரப்பில பார்த்தால், பார்ஷல் கஸ்டமைசேஷன் ஃபைல்ஸ் (மெயின் ஃபைலோட சேர்ந்து ஏறுற துணை ஃபைல்கள்) எண்ட கிளைக்குக் கீழ உங்கட ஃபைல் நிக்கும். இனி ரூல்பாரோ மெனுவோ ரிபன் பனலோ, எல்லாத்தையும் அந்தக் கிளைக்குள்ளதான் உருவாக்கவேணும். மேல இருக்கிற மெயின் ஃபைலின்ர ரூல்பார்ஸில ரைட் கிளிக் பண்ணிப்போட்டு, "ஏன் மற்ற மெஷினில வரேல்லை" எண்டு கேக்கிற ஆக்கள்தான் கூட.

ரெண்டாவது, லோட் ஆகியும் தெரியாதது. ஃபைல் ஏறுறது வேறை, வேர்க்ஸ்பேஸில (திரையில எது எங்க நிக்கும் எண்ட ஒழுங்கு) இடம்பிடிக்கிறது வேறை. எடிட்டரில உங்கட வேர்க்ஸ்பேஸைத் தெரிவு செய்து, வலப்பக்கம் மேலே உள்ள கஸ்டமைஸ் வேர்க்ஸ்பேஸ் பட்டனை அமத்துங்கோ. இடப்பக்க மரத்தில சரி போடுற பெட்டிகள் வரும். பார்ஷல் ஃபைலுக்குக் கீழ உங்கட ரூல்பாருக்கும் மெனுவுக்கும் சரி போட்டு, டன், பிறகு அப்ளை. ரிபனெண்டால் இன்னொரு படி இருக்குது: பனலை மட்டும் செய்தால் வராது, பனலை ஒரு ரிபன் ரப்புக்குள்ள போட்டு, அந்த ரப்பை வேர்க்ஸ்பேஸில சேர்க்கவேணும். முதல்ல ரூல்பாராச் செய்துபோட்டு, எடிட்டரில அதில ரைட் கிளிக் பண்ணி "கொப்பி ரு ரிபன் பனல்ஸ்" கொடுத்தால் வேலை பாதி.

மேலே விழுற பழைய மெனு தெரியாட்டி மெனுபார் எண்டு அடிச்சு 1 கொடுங்கோ. கிளாசிக் வேர்க்ஸ்பேஸ் 2015 பதிப்போட எடுபட்டுப் போச்சுது, அதைத் தேடி மினக்கெடாதேங்கோ. வேண்டிய ரூல்பாரை எடுத்து வைச்சு, டபிள்யுஎஸ்சேவ் கொமாண்டால புதுப் பேரில சேவ் பண்ணினால் அதுதான் உங்கட கிளாசிக்.

எம்என்யு ஃபைலைப் பாவிக்கலாம். எம்என்யு, எம்என்எஸ் எல்லாம் 2006 பதிப்பில சியுஐ வரமுந்தின காலம். ட்ரான்ஸ்ஃபர் ரப்பில ஓபன் கொடுக்கும்போது ஃபைல் வகையை மாத்தினால் பழைய மெனுவும் திறக்கும், தானா மாறி வரும். அதில இருந்து வேண்டியதை மட்டும் உங்கட ஃபைலுக்கு இழுத்துப் போடுங்கோ. ஐகன்களை நம்பாதேங்கோ, அரைவாசி கேள்விக்குறியா வரும். பழைய மெனுவோட எம்என்எல் ஃபைல் (ஓட்டோகாட்டின்ர லிஸ்ப் மொழியில எழுதின நிரல்) இருந்தால் அதை நீங்கள்தான் கையால கொப்பி பண்ணவேணும்.

நீலத்தாள்

மக்ரோ பக்கத்தை நான் சொல்லுறன். ரூல்பார் செய்யிறது அரைமணித்தியால வேலை. பட்டனுக்குள்ள இருக்கிற மக்ரோவிலதான் நாட்கள் போகும்.

அடையாளங்களை முதல்ல பிடியுங்கோ. ^சி எண்டது எஸ்கேப் அமத்துறதுக்குச் சமன். கேரட் குறியையும் சி எழுத்தையும் தனித்தனியா அடிக்கவேணும், கன்ட்ரோல் சி இல்லை. மக்ரோ முன்னுக்கு ரெண்டு தரம் போடுறது, ஏற்கெனவே ஓடுற கொமாண்டை நிப்பாட்ட. அடிக்கோடு போட்டால் எந்த மொழிப் பதிப்பிலையும் கொமாண்ட் வேலை செய்யும். புள்ளி போட்டால், ஆராவது லிஸ்பால அந்தக் கொமாண்டை மாத்தி வைச்சிருந்தாலும் மூலக் கொமாண்ட்தான் ஓடும். அரைப்புள்ளி என்டர். ஸ்பேஸும் என்டர்தான், அதுதான் மூலைமட்டம் அண்ணை ஃபோல்டர் பேரில ஸ்பேஸ் வேண்டாமெண்டது. பின்சாய்கோடு எண்டால் மக்ரோ நிண்டு, ஆள் கிளிக் பண்ணும்வரை பாத்துக்கொண்டிருக்கும். ஆனபடியால் ஃபைல் பாதையை மக்ரோவுக்குள்ள எழுதும்போது முன்சாய்கோடு பாவியுங்கோ, இல்லாட்டி ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நிண்டு நிண்டு போகும்.

டயலொக் பெட்டி வாற கொமாண்டுக்கு முன்னால கழித்தல் குறி: -லேயர், -இன்சர்ட், -ஸ்டைல். அப்பதான் கேள்விகள் எல்லாம் கொமாண்ட் லைனில வரும்.

கதவு பட்டனுக்கு:

^சி^சி_.-இன்சர்ட்;டி900;_எஸ்;1;\\

டி900 எண்டது புளொக்கின்ர (ஒருக்காக் கீறிச் சேமிச்ச கதவுப் படம்) பேர், ஸ்கேல் 1, ஒரு கிளிக் இடத்துக்கு, ஒரு கிளிக் திருப்புற கோணத்துக்கு. ஒரு வரிசையில நிறைய யன்னல் போடவேணுமெண்டால் தொடக்கத்தில ஒரு நட்சத்திரம் சேருங்கோ: *^சி^சி எண்டு. எஸ்கேப் அமத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும். புளொக் கீறின ஃபோல்டரை ஒப்ஷன்ஸில ஃபைல்ஸ் ரப், சப்போர்ட் ஃபைல் சேர்ச் பாத்தில சேர்த்துவிட்டால் மக்ரோவில பாதையே எழுதத் தேவையில்லை, பேர் காணும்.

கன சாமானைத் தெரிவு செய்து ஒரு லேயருக்கு மாத்துற பட்டனில கனபேர் தடக்குப்படுவினம். ஒரு பின்சாய்கோடு ஒரு கிளிக்கைத்தான் வாங்கும். செலக்ட் கொமாண்ட் மட்டும் விதிவிலக்கு, தெரிவு முழுக்க முடியும்வரை பொறுத்திருக்கும். அதால இப்பிடி:

^சி^சி_செலக்ட்;\_.சிஎச்ப்ராப்;_பி;;_எல்ஏ;ஏ-வோல்;;

லேயர் பேரைத் தமிழில வைக்கலாம், ஓட்டோகாட் ஏற்கும். எண்டாலும் வைக்காதேங்கோ. பிளான் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரிட்டையும் கொழும்புக்கும் போகும், அங்கத்தையான் ஆக்கள் லேயர் பேரை அடிச்சுத் தேடவேணும்.

கோப்பாய்_கோடு

நன்றி அண்ணைமார். வேர்க்ஸ்பேஸில சரி போட்டவுடன ரூல்பார் வந்திட்டுது. சுவர் பட்டனுக்கு இப்பிடி எழுதினேன்:

^சி^சி_.-லேயர்;_எம்;ஏ-வோல்;_சி;1;;_.பிலைன்

லேயர் உருவாகுது, நிறமும் சிவப்பு. ஆனால் பொலிலைன் தொடங்காமல் "இன்வலிட் ஒப்ஷன் கீவேர்ட்" எண்டு வருது.

நீலத்தாள்

ஒரு அரைப்புள்ளி குறைவு தம்பி. 1க்குப் பிறகு மூண்டு வேணும். முதலாவது, 1 எண்ட நிறத்துக்கு என்டர். ரெண்டாவது, "எந்த லேயருக்கு இந்த நிறம்" எண்டு கேக்கும், இருக்கிற பேரை ஏத்துக்கொள்ள. மூண்டாவது, -லேயர் கொமாண்டை விட்டு வெளியில வர. உங்கடதில வெளியில வரமுந்தியே பிலைன் எண்ட சொல் -லேயரிட்டைப் போகுது, அது முழிக்குது.

நாலு போட்டாலும் அதே பிழைதான். நாலாவது என்டர் வெறும் கொமாண்ட் லைனில விழும், வெறும் என்டர் எண்டால் கடைசிக் கொமாண்ட் திரும்ப ஓடும். திரும்ப -லேயர், திரும்ப முழிப்பு. பிழைச் செய்தியை மட்டும் பார்த்து அரைப்புள்ளி கூடவோ குறையவோ எண்டு சொல்லேலாது. எஃப்2 அமத்தி வரலாற்றை வாசியுங்கோ, -லேயர் ரெண்டு தரம் வந்திருந்தால் கூடிப்போச்சுது.

புது மக்ரோ எழுதமுந்தி அந்தக் கொமாண்டைக் கையால ஒருக்கா ஓட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன கொடுத்தனீங்கள் எண்டு எஃப்2 திரையில இருந்து எழுதியெடுங்கோ. அதை அரைப்புள்ளியால கோத்தால் மக்ரோ.

தீவுப்பக்கம்

தமிழ் எழுத்துப் பட்டனிலும் இதே எண்ணிக்கைப் பிரச்சினை வரும். -ஸ்டைல் கொமாண்ட் ஓட்டோகாட்டின்ர சொந்த எஸ்எச்எக்ஸ் எழுத்துருவுக்கு ஒரு கேள்வி கூடக் கேக்கும்: நிலைக்குத்தா எழுதவோ எண்டு. விண்டோஸின்ர ரிரிஎஃப் எழுத்துருவுக்கு அந்தக் கேள்வி இல்லை. இங்கிலீஸ் ஸ்டைல் பட்டனைக் கொப்பி பண்ணி எழுத்துருப் பேரை மட்டும் மாத்தினால் கடைசி "_என்" மிஞ்சி நிக்கும், கொமாண்ட் லைனில தெரியாத கொமாண்ட் எண்டு திட்டு விழும். ரிரிஎஃப்புக்குச் சரியானது:

^சி^சி_.-ஸ்டைல்;ரமில்;லதா.ரிரிஎஃப்;0;1;0;_என்;_என்

0 உயரம், 1 அகலக் காரணி, 0 சரிவு. உயரத்தை 0 எண்டு விட்டால்தான் எழுதும்போது கேக்கும். விண்டோஸ் 10இல இருந்து லதா எழுத்துரு தானா வராது, ஒப்ஷனல் ஃபீச்சர்ஸில தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸ் எண்டு இருக்கிறதை ஏத்தவேணும். நாலு மெஷினிலையும் ஏத்துங்கோ, இல்லாட்டி பிளான் ஒரு மெஷினில வடிவா, மற்றதில கேள்விக்குறியா இருக்கும்.

மெனுப் பேரையும் தமிழில வைக்கலாம். எடிட்டரின்ர நேம் பெட்டியில யுனிகோட் தமிழ் அடிச்சால் அப்பிடியே வரும். பாமினியில (யுனிகோட் இல்லாத பழைய எழுத்துரு) அடிக்காதேங்கோ. மெனுவுக்கு எழுத்துருத் தெரிவு செய்ய இடமில்லை, ஆனபடியால் பாமினி அடிச்சது வெறும் இங்கிலீஸ் எழுத்துக் குப்பையாத்தான் தெரியும். பழைய எம்என்யு ஃபைலில பாமினி கிடந்தால் அதையும் திரும்ப யுனிகோடில அடிக்கவேண்டியதுதான். மெனுப் பேரில "&" குறி கிடந்தால் எடுத்துவிடுங்கோ, அது ஆல்ட் விசைக்கான இங்கிலீஸ் எழுத்துக்கு முன்னால வாறது.

வரைபலகை

ஐகன் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சிறியது 16க்கு 16 பிக்சல், பெரியது 32க்கு 32. இரண்டையும் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் ரிபனில் பெரிய பட்டனாகப் போடும்போது மங்கலாகவோ வெறுமையாகவோ வரும். படத்தை ஒரு ஃபோல்டரில் வைத்துப் பாதையைக் கொடுத்தால் உங்கள் மெஷினில் வரும், மற்றதில் கேள்விக்குறி வரும். 2010 பதிப்பில் சியுஐ ஃபைல் சியுஐஎக்ஸ் ஆனதே இதற்காகத்தான்: அது உண்மையில் ஒரு சிப் பொதி, மெனு விவரமும் படங்களும் அதற்குள்ளேயே போகும். எடிட்டரின் மேல் வரியில் உள்ள இமேஜ் மனேஜரைத் திறந்து, இடப்பக்கம் இருக்கும் படங்களை உங்கள் பார்ஷல் ஃபைலுக்குள் இறக்குங்கள். பிறகு பட்டனுக்கு அங்கிருந்து தெரிவு செய்யுங்கள். சந்தேகம் என்றால் சியுஐஎக்ஸைப் பிரதி எடுத்து, பிரதியின் நீட்சியை சிப் என்று மாற்றித் திறந்து பார்க்கலாம். படம் உள்ளே இல்லாவிட்டால் மற்ற மெஷினிலும் இல்லை.

16 பிக்சலுக்குள் கதவின் வளைவு, நிலை, பிடி எல்லாம் கீற முனைய வேண்டாம். "க9" என்று இரண்டு எழுத்துப் போட்டால் 900 மில்லிமீற்றர்க் கதவு என்று எவருக்கும் தெரியும். கறுப்புக் கோடு இருண்ட தீமில் காணாமல் போகும், வெள்ளைக் கோடு வெளிர்த் தீமில் காணாமல் போகும். கலர்தீம் மாறியை (ஓட்டோகாட்டின் அமைப்புகளில் ஒன்று) 0, 1 என்று இரண்டாகவும் வைத்துப் பார்த்த பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று: ஒரு கொமாண்ட் எத்தனை ரூல்பாரில் இருந்தாலும் அது ஒரே கொமாண்ட்தான். ரிபனில் உள்ள கதவுப் பட்டனின் மக்ரோவை மாற்றினால் மெனுவில் உள்ளதும் மாறும். வேறுபட்டது வேண்டுமென்றால் கொமாண்ட் பட்டியலில் டூப்ளிகேட் செய்து புதிய பெயர் கொடுங்கள். அதேபோல, ரூல்பாரில் இருந்து எடுப்பதும் பட்டியலில் இருந்து அழிப்பதும் ஒன்றல்ல.

பிஜிபி_பக்தன்

இவ்வளவு பாடு ஏன்? கொமாண்டுக்குக் குறும்பேர் வைக்கிற அகாட்.பிஜிபி ஃபைலின் அடியில பத்து வரி எழுதினால் முடிஞ்சுது. இடக்கை கீபோர்டில, வலக்கை மவுசில. பட்டனைத் தேடித் திரிகிற நேரத்தில சுவர் கீறி முடிச்சிடலாம். எழுதிப்போட்டு ரீஇனிட் கொடுத்து பிஜிபிக்குச் சரி போட்டால் ஓட்டோகாட்டை மூடித் திறக்கவும் தேவையில்லை.

மூலைமட்டம்

வேகத்துக்கு நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் பிஜிபியில ஒரு கொமாண்டுக்குக் குறும்பேர் வைக்கலாமே தவிர, லேயரை மாத்தி, நிறம் வைச்சு, பொலிலைன் தொடங்கு எண்டு கோவையா ஓட்டேலாது. கேட்டது அலுவலகத்தில எல்லாரும் ஒரே லேயரில கீற வைக்கிற வழி. புதுசா வாற பிள்ளைக்கு "டபிள்யு அடி" எண்டு மனப்பாடம் பண்ண வைக்கிறதிலும் பட்டனில "சுவர்" எண்டு இருக்கிறது நல்லம். ரெண்டையும் வையுங்கோ. பிஜிபியில ஒரே குறும்பேர் ரெண்டு இடத்தில இருந்தால் கீழ இருக்கிறதுதான் எடுபடும், அதால எப்பவும் அடியில உள்ள பயனர் பகுதியிலதான் எழுதவேணும்.

பிஜிபி_பக்தன்

லிஸ்ப் எழுதினால் ரெண்டெழுத்தில அதையும் ஓட்டலாம். ஆனால் எல்.ரி. 2023 இருக்கிற இடத்தில அது செல்லாது, ஏத்துக்கொள்ளுறன்.

குழிக்கணக்கு

காணிப் பரப்புப் பட்டனுக்கு வாறன். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச், 18 குழி ஒரு பரப்பு. வரகுப் பயிர்க் கணக்கெண்டு உறுதியில எழுதிற பரப்பு இதுதான். ஏக்கர் 43,560 சதுர அடி, எனவே பரப்பு 2,722.5 சதுர அடி, குழி 151.25 சதுர அடி. மீற்றரில பரப்பு 252.9285 சதுர மீற்றர், குழி 14.0516.

பிழைக்கிறது அலகில. ஏரியா கொமாண்ட் ஓடினதும் விடை ஏரியா எண்ட மாறியில நிக்கும், ஆனால் வரைபட அலகிலதான் நிக்கும். மீற்றரில கீறின சேர்வே பிளானுக்கு 252.9285ஆல பிரியுங்கோ. மில்லிமீற்றரில கீறினதுக்கு 252,928,500. அடி அங்குல ஆர்க்கிடெக்சரல் அலகில ஒரு யூனிட் ஒரு அங்குலம், எனவே 392,040. கொமாண்ட் லைனில சதுர அடியும் பக்கத்தில காட்டும், அதைப் பார்த்து 2,722.5ஆல பிரிச்சால் 144 மடங்கு கூட வரும், ஏனெண்டால் மாறிக்குள்ள இருக்கிறது சதுர அங்குலம். இன்ஸ்யூனிட்ஸ் மாறியைப் பார்த்துத் தானா பிரிக்க வைக்கலாம்: 1 அங்குலம், 2 அடி, 4 மில்லிமீற்றர், 6 மீற்றர். வெளியில இருந்து வந்த வரைபடத்தில இன்ஸ்யூனிட்ஸ் பிழையா இருக்கிறது சாதாரணம், அதால நீளம் தெரிஞ்ச ஒரு எல்லைக்கோட்டை டிஸ்ட் போட்டுப் பார்த்த பிறகு பட்டனை அமத்துங்கோ.

லிஸ்பை மக்ரோவுக்குள்ள நேர எழுதாதேங்கோ. லிஸ்பில புது வரிக்கு எழுதிற பின்சாய்கோடு-என்னை மக்ரோ "கிளிக்குக்குப் பொறு" எண்டு வாசிச்சு நிண்டிடும். லிஸ்பை ஒஃபிஸ்.எம்என்எல் எண்டு சியுஐஎக்ஸின்ர அதே பேரில, அதே ஃபோல்டரில வையுங்கோ. சியுஐஎக்ஸ் ஏறும்போது எம்என்எல்லும் தானா ஏறும். பட்டனில ^சி^சி போட்டு அந்த லிஸ்ப் கொமாண்டின்ர பேர் மட்டும் காணும்.

லிஸ்ப் எழுதும்போது முழுப் பரப்பைப் பிரிச்செடுத்துப்போட்டு மீதியை 18ஆல பெருக்கிறது எல்லாருக்கும் வாற யோசனை. அப்பிடிச் செய்தால் 2.9999 பரப்புக்கு "2 பரப்பு 18.00 குழி" எண்டு எழுதும். முதல்ல எல்லாத்தையும் குழியாக்கி, ரெண்டு தசமத்துக்கு வட்டமாக்கி, பிறகு 18ஆல பிரியுங்கோ. சரியோ எண்டு பார்க்க 800 சதுர மீற்றருக்கு ஒரு செவ்வகம் கீறுங்கோ: 56.93 குழி, அதாவது 3 பரப்பு 2.93 குழி வரவேணும்.

கோப்பாய்_கோடு

எல்.ரி. மெஷினில இது ஓடுமோ?

குழிக்கணக்கு

ஓடாது. எல்.ரி.யில லிஸ்ப் வந்தது 2024 பதிப்பில. 2023இல டீசல் எண்ட சின்ன மொழிதான் இருக்கு, அதுவும் இந்த வேலைக்குக் காணும். மோட்மக்ரோ எண்ட மாறிக்கு இந்தக் கோவையைக் கொடுங்கோ:

பரப்பு:$(ஆர்டிஓஎஸ்,$(/,$(கெட்வார்,ஏரியா),252.9285),2,3)

ஸ்டேட்டஸ் பாரில தசமப் பரப்பு தெரியும், ஒவ்வொரு தரம் ஏரியா போடும்போதும் மாறும். ஸ்பேஸ் விடாதேங்கோ. மோட்மக்ரோ சேவ் ஆகிறதில்லை, ஓட்டோகாட்டை மூடினால் போயிடும். ஆனபடியால் அதையே ஒரு பட்டனா வைச்சு, காலையில ஒருக்கா அமத்துங்கோ. குழியாத்தான் வேணுமெண்டால் 252.9285 இருக்கிற இடத்தில 14.0516.

நல்லூர்_நெட்வேர்க்

நாலு மெஷினுக்கும் எப்பிடிப் போடுறது எண்ட கேள்வி இன்னும் நிக்குது. ரெண்டு வழி.

ஒண்டு என்டர்பிரைஸ் ஃபைல். ஒப்ஷன்ஸ், ஃபைல்ஸ் ரப், கஸ்டமைசேஷன் ஃபைல்ஸ், என்டர்பிரைஸ் கஸ்டமைசேஷன் ஃபைல் எண்ட இடத்தில சேர்வரில இருக்கிற உங்கட சியுஐஎக்ஸைக் கொடுக்கிறது. பாவிக்கிற ஆள் அதைத் திருத்தேலாது, வாசிக்க மட்டும். திருத்திற ஆளுக்கு மட்டும் தனி புரொஃபைல் செய்து, அதில அந்த ஃபைலை மெயின் இடத்தில போடுங்கோ. வேர்க்ஸ்பேஸ் விசயத்தில என்டர்பிரைஸ் வசதி. பார்ஷல் ஃபைலுக்குள்ள வைச்ச வேர்க்ஸ்பேஸை நேர ஓடவைக்கேலாது, மெயினுக்கு இழுத்துப்போடவேணும்.

மற்ற வழி, நான் சின்ன அலுவலகத்துக்குச் சொல்லுறது: சேர்வரில மூலப் பிரதி, ஒவ்வொரு மெஷினிலையும் சி ட்ரைவில ஒரே பாதையில உள்ளூர்ப் பிரதி. விண்டோஸ் லொகின் நேரத்தில ரெண்டு வரி பச் ஃபைல் ஒண்டு சியுஐஎக்ஸையும் எம்என்எல்லையும் புளொக் ஃபோல்டரையும் இறக்கும். கரண்ட் போய் வந்து சேர்வர் எழும்ப முந்தி ஓட்டோகாட்டைத் திறந்தாலும் பட்டன் இருக்கும். இறக்கும்போது ஓட்டோகாட் மூடியிருக்கவேணும். உள்ளூர்ப் பிரதிக்கு ரீட் ஒன்லி அடையாளம் போட்டுவிடுங்கோ, ஆரும் அங்கேயே திருத்திப்போட்டு நாளைக்கு அழிஞ்சுபோச்சுதெண்டு சண்டைக்கு வரமாட்டினம். பச் ஃபைல் அந்த அடையாளத்தை எடுத்து, கொப்பி பண்ணி, திரும்பப் போடவேணும்.

எல்.ரி.யின்ர மெயின் ஃபைல் வேறை, ஆனால் பார்ஷல் ஃபைல் ரெண்டிலையும் ஏறும். எல்.ரி.யில இல்லாத கொமாண்டின்ர பட்டன் தெரியும், அமத்தினால்தான் தெரியாதெண்டு சொல்லும். ஃபைலைப் பழைய பதிப்பில செய்து புதியதில திறவுங்கோ, மறுவளமா வேண்டாம்.

எம்என்எல் ஏறும்போது "நம்பிக்கையில்லாத ஃபைல்" எண்டு ஒரு பெட்டி வரும். கனபேர் உடன செக்யூர்லோட் மாறியை 0 ஆக்கிப்போட்டு நிம்மதியா இருப்பினம். செய்யாதேங்கோ. பென்ட்ரைவில வாற வரைபட ஃபோல்டருக்குள்ள அகாட்.ஃபாஸ், அகாட்டொக்.எல்எஸ்பி எண்டு ஒளிஞ்சு வாற வைரஸ்கள் அந்த வாசலாலதான் உள்ள வாறது. உங்கட ஃபோல்டரை மட்டும் ட்ரஸ்ரட் லொகேஷன்ஸில சேர்த்துவிட்டு, செக்யூர்லோட்டை 1இல விடுங்கோ. அந்த ஃபோல்டரில எல்லாரும் எழுத அனுமதி கொடுத்தால் பூட்டுப் போட்டுத் திறப்பைக் கதவிலேயே விட்டமாதிரி.

மாணவன்_கொக்குவில்

காசு கொடுத்து வாங்கேலாத எங்களுக்கு? லிப்ரேகாட், ஃப்ரீகாட்டில இப்பிடிச் செய்யலாமோ?

வரைபலகை

லிப்ரேகாட்டில் விட்ஜெட்ஸ் மெனுவுக்குள் ரூல்பார் கிரியேற்றர் இருக்கிறது. வேண்டிய கொமாண்டுகளைச் சேர்த்துப் பெயர் கொடுத்தால் ரூல்பார் தயார். ஆனால் இருக்கும் கொமாண்டுகளை அடுக்கலாமே தவிர, லேயர் மாற்றிக் கோடு தொடங்கு என்ற மக்ரோவைப் பட்டனுக்குள் வைக்க முடியாது. ஃப்ரீகாட்டில் முடியும். மக்ரோவைப் பைதனில் எழுதி, ரூல்ஸ், கஸ்டமைஸ் திறந்து, மக்ரோஸ் ரப்பில் அதற்குப் பெயரும் ஐகனும் கொடுங்கள். அதைச் செய்த பிறகுதான் ரூல்பார்ஸ் ரப்பின் மக்ரோஸ் பிரிவில் அது தென்படும். முதலில் அங்கே தேடினால் கிடைக்காது. புதிய ரூல்பாரை எந்த வேர்க்பெஞ்சுக்கு வைக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளோபல் என்று கொடுக்காவிட்டால் வேறு வேர்க்பெஞ்சுக்குப் போனவுடன் மறைந்துவிடும்.

கோப்பாய்_கோடு

பச் ஃபைல் வழியையே எடுத்தேன், நாலிலையும் ஏறிட்டுது. ஒரு மெஷினில மட்டும், வேர்க்ஸ்பேஸ் மாத்தி வந்தால் ரூல்பார் பழைய இடத்துக்கே போகுது. அதோட அந்த மெஷினில மவுஸ் சில்லை அமத்தினால் பான் வராமல் ஒரு மெனு விழுது.

மூலைமட்டம்

ரூல்பாரை வைக்கவேண்டிய இடத்தில வைச்சு, டபிள்யுஎஸ்சேவ் கொடுத்து அதே வேர்க்ஸ்பேஸ் பேரில மேலெழுதுங்கோ. அந்த மெஷினில டபிள்யுஎஸ்ஓட்டோசேவ் 0இல இருக்கும், மற்றதுகளில 1. 1 ஆக்கலாம், ஆனால் பிறகு ஆர் எதை இழுத்தாலும் அதுவும் சேவ் ஆகும். நான் 0இல விட்டு, லாக்யுஐ மாறியை 1 ஆக்கி ஒட்டின ரூல்பார்களைப் பூட்டச் சொல்லுவன். பூட்டியிருக்கும்போதும் கன்ட்ரோலை அமத்திக்கொண்டு இழுத்தால் அசையும்.

சில்லுக்கு எம்பட்டன்பான் 1.